பூனைக்குப் பத்தியம்

ஊருக்கே சமைத்துப் போடுகிற ஒரு மனிதருடைய பூனை, அவர் கையால் சமைத்த எதையும் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் இங்கே வந்ததிலிருந்து கண்ட பெரிய காரியங்களில் அதையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன்.

லண்டனில், மனோர் பார்க்கில் வரிசை வீடுகளில் ஒன்று. கீழே அண்ணன். மேலே, தோட்டத்தைப் பார்த்த சின்ன அறையில் வாடகைக்கு நான். படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினி வேலை. அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. முறைப்படி பார்த்தால் அங்கிள் என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "அங்கிள் கிங்கிள் எண்டு கூப்பிட்டியோ, மேல ஹீட்டர் வேலை செய்யாது, சொல்லிப்போட்டன்." யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரர். கடையில் எல்லாருக்கும் அவர் அண்ணை. நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அண்ணே என்பேன்.

பூனை உண்மையில் அவர் மகளுடையது. வெள்ளையில் சாம்பல் திட்டு, கனத்த உடம்பு, நடு வயது. மகள் கல்யாணமாகி செவன் கிங்ஸ் பக்கம் குடிபோனபோது பூனையைக் கூட்டிப்போக முடியவில்லை. பூனை முடி பட்டால் மாப்பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். அண்ணன் இதை எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொல்வார்: "மருமகனுக்குப் பூனை ஒத்துவராது. பூனைக்குச் சாப்பாடு ஒத்துவராது. எனக்கு மருமகன் ஒத்துவராது. என்ன செய்யிறது, இருக்கிறம்."

பூனையை அவர் கூப்பிடுவது பிள்ளை என்று. "என்ன பிள்ளை, எழும்பியாச்சோ?" "பிள்ளை, உதில ஏறாதை." மனைவி தவறிப்போன பிறகு அந்த வீட்டில் அவர் அதிகம் பேசியது பூனையோடுதான் என்று மகள் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

பேச்சுக்கு மேல் ஊட்டல். கடையிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் வரும். மீன் தலை, ஆட்டு ஈரல், கோழித் துண்டு, சில நாள் நண்டுச் சதை. உறைப்பு சேர்க்கும் முன்பே பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். அவள் சாப்பிடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். கடையில் ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அந்த முகம் வராது.

அப்புறம் அவள் சொறிய ஆரம்பித்தாள். முதலில் காதோரம். பிறகு கழுத்து. பிறகு வயிற்றை நக்கி நக்கி, முடியெல்லாம் போய் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது வாந்தி. சோபாவுக்குக்கூடத் தானாக ஏற மாட்டாள். கீழே நின்று ஈனமாக ஒரு சத்தம் போடுவாள். யாராவது தூக்கி வைக்க வேண்டும்.

"கிரந்தி" என்று அண்ணன் தீர்மானித்தார். உடம்பில் சொறியைக் கிளப்புகிற சாப்பாட்டுக்கு அவர்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். எங்கள் ஊரில் கரப்பான் என்போம். சூரை மீனை நிறுத்தினார், நண்டை நிறுத்தினார். நெற்றியில் திருநீறு பூசினார். அவள் அதையும் நக்கிவிட்டாள். சொறி நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பூனையை மடியில் மல்லாத்திப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன? ரத்தம் வருது."

"கிரந்தி மகள். குறையுது."

"குறையேல்லை அப்பா. கூடுது. அவளுக்கு நோகுது. மிருக டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. அவை சொல்றதை மட்டும் குடுங்கோ. இந்த முறையும் சரிவரேல்லையெண்டால் நான் கிங்ஸ்பரியில என்ர ஃபிரெண்ட்டிட்டக் குடுத்திடுவன். சீரியஸாச் சொல்றன். அவவிட்ட ஏற்கெனவே ரெண்டு பூனை இருக்கு. பெட்டியில என்ன எழுதியிருக்கோ அதை மட்டும்தான் வைப்பா."

பூனையின் கழுத்துத் தோலுக்குள் இருக்கிற, உரிமையாளரைக் காட்டும் சிப் மகள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அவள் நினைத்தால் செய்யலாம். ஆனால் அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. அண்ணன் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டியை இன்னொரு தரம் தேய்த்துக் கழுவினார்.

கால்நடை மருத்துவரிடம் நானும் துணைக்குப் போனேன். இளம் பெண். பூனையின் காதை மடித்துப் பார்த்தபடியே, வழக்கமாக என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "மோர்னிங், ஃபிஷ் ஹெட். ஆஃப்டர்நூன், சிக்கன் வித் ரைஸ். ஈவினிங், மட்டன் லிவர். சம்டைம்ஸ் கிராப்."

"கிராப்?"

"வெரி குட் கிராப். நோ சில்லி."

மருத்துவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. நிதானமாக விளக்கினார். ஒவ்வாமை புதுச் சாப்பாட்டால்தான் வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. பல காலமாகத் தின்று பழகியதில் ஏதோ ஒன்றுதான் உடம்புக்குப் பகையாகிவிடும். அதனால் இதுவரை வாயிலேயே வைக்காத ஒரு இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் கூடாது, ஒரு நக்குக்கூட. இடையில் வேறு எதுவும் உள்ளே போனால் கணக்கு முதலிலிருந்து.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆடு? சாப்பிட்டிருக்கிறாள். வாத்து? ஒரு கிறிஸ்மஸுக்கு. வான்கோழி? அதே கிறிஸ்மஸுக்கு. முயல்? அண்ணன் மேலே பார்த்து யோசித்து, "ஒருக்கா" என்றார். அந்தப் பூனை அளவுக்கு நான் என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

"மான்?"

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "நோ டியர்" என்றார், தோற்றுப்போனவர் மாதிரி.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு மான் இறைச்சி டின் வந்தது. கூடத்தில் பெரிய முருகன் படம், இரண்டு பக்கமும் தேவியர். முதல் டின்னைத் திறக்கும் முன் அண்ணன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "வள்ளியம்மை மான் வயித்தில பிறந்தவ. அவவுக்கு முன்னால வைச்சு இதை உடைக்கிறன் பார்" என்றார். பிறகு கையை எடுத்துக் கும்பிட்டு, "முருகா, இது இறைச்சியில்லை. மருந்து" என்றார். அன்றிலிருந்து அந்த டின்னுக்கு வீட்டில் மருந்து என்றே பெயர். அதற்குத் தனிக் கரண்டி, தனித் தட்டு, கழுவத் தனிப் பஞ்சு.

என் பங்கு வாசிப்பது. எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அப்பா அம்மா இருவரும் கைநாட்டு. அதனால் சின்ன வயசிலிருந்தே வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என் கையில்தான் கொடுக்கப்படும். உரமூட்டை, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை. ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். அந்தப் பழக்கம் இங்கே உதவியது. கடையில் பூனைச் சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். முன்பக்கம் பெரிதாக மான் படம் போட்டிருப்பான். திருப்பினால், பொடி எழுத்தில், பாதிக்கு மேல் கோழி. இன்னொன்றில் எந்த மிருகம் என்றே சொல்லாமல் பொதுவாக "விலங்குப் பொருள்கள்" என்று இருக்கும். அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேலே நின்று கேட்பார்: "என்ன போட்டிருக்கிறான்?" நான் சொல்வேன். "கள்ளன்" என்பார். அடுத்த டின்.

அண்ணனைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டது இங்கேதான். அந்த மனிதருக்கு ஒருத்தர் மேல் பிரியம் வந்தால் அதை வெளியே காட்ட ஒரே வழி சாப்பாடு. மழையில் தபால்காரர் வந்தால்கூட இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஒன்று கொடுக்காமல் அனுப்ப மாட்டார். அந்தக் கை எட்டு வாரம் கட்டிப்போடப்பட்டது. கடையிலிருந்து வந்ததும் கால்களைச் சுற்றி அவள் கத்துவாள், மீன் வாசம் அவர் சட்டையிலேயே இருக்கும். அவர் நேரே குளியலறைக்குப் போய், குளித்து, உடுப்பு மாற்றி, பிறகுதான் அவளைத் தொடுவார். மீன் பொரிப்பதை வீட்டில் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் தட்டைத் தூக்கி மடியில் வைத்துச் சாப்பிட வேண்டும். சிநேகிதர் ஒருவர் கேட்டார்: "என்னடாப்பா, பூனைக்குப் பயந்து சாப்பிடுறம்?" அண்ணன் சொன்னார்: "பயமில்லை. மரியாதை. நீ வாயைத் திறந்து சாப்பிடாதை, விழும்."

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பூனைக்குப் பத்தியமா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். "ரெண்டு ஆம்பளைங்க சேந்து ஒரு பூனையப் பாத்துக்கறீங்களா? நல்லது. சமைக்கிற பொண்ணு யாரும் கெடைக்கலன்னு சொல்லு."

"அண்ணனே நல்லா சமைப்பாரும்மா."

"அப்புறம் ஏன் பூனை டின்னுல திங்குது?"



இவ்வளவுக்குப் பிறகும் சொறி போகவில்லை. அதுதான் வேதனை. வார நடுவில் பார்த்தால் காதோரம் ஆறிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். ஞாயிறு, திங்கள் ஆனால் மறுபடி வயிறு சிவந்து கிடக்கும். மகள் போனில் கேட்கும்போது அண்ணன் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. "பரவாயில்லை மகள். கொஞ்சம் பரவாயில்லை."

நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படத் தொடங்கினோம். ஒரு நாள் நான் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, கோவிக்கப்படாது. நீ பால் கீல் ஏதும் ஊத்திறனியோ?"

"அய்யோ, இல்லண்ணே. நீங்க மீன் கீன் ஏதும்…"

"என்ர பிள்ளைக்கு நான் செய்வனோ?"

"அப்ப நான் மட்டும் செய்வேனா?"

இரண்டு பேரும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தோம். அங்கே ஒரு ஆங்கிலேய மூதாட்டி. அண்ணன் ஒரு தட்டு பருப்பு வடையோடு போய், பூனைக்கு ஒன்றும் வைக்க வேண்டாம் என்று தன்மையாகக் கேட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாவுக்குப் பூனை என்றாலே ஆகாதாம், வடையை மட்டும் வாங்கிக்கொண்டாராம்.

வெளியே விடாமல் வைத்திருந்தால் நல்லது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் கதவைப் பிறாண்டி அவள் போட்ட கூச்சலில் பின்தோட்டத்துக்கு மட்டும் விடுவதாக ஒப்பந்தம் ஆனது. சுற்றிலும் உயர்ந்த பலகை வேலி. ஒரு மூலையில் சாமான் போடுகிற சின்னக் கொட்டகை, பக்கத்தில் குப்பைத் தொட்டிகள். சோபாவுக்கே ஏற முடியாதவள் வேலி தாண்டிப் போய் எதைத் தின்னப் போகிறாள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. ஒரு தேர்வுக்காக நூலகம் போய்விடுவேன். அந்தச் சனிக்கிழமை காய்ச்சல், மூக்கு ஒழுக ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். கீழே அண்ணன் குளித்து, திருநீறு பூசி, வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கையில் வாழையிலைத் துண்டு. சனிக்கிழமை அவருக்கு விரதம். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மனைவி இருந்தவரை அவர் வைத்தது, இப்போது இவர் வைக்கிறார். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் ஊரிலும் வைப்பார்கள். அதனாலேயே அதைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இலையைக் கொட்டகைக் கூரைமேல் வைத்தார். சோறு, நெய் விட்ட பருப்பு, கொஞ்சம் தயிர், ஒரு வடை, மேலே எள்ளு. "கா… கா…" என்று கூப்பிட்டுவிட்டு சமையலறை வாசலில் போய் நின்றார். காகம் வாய் வைக்கிற வரைக்கும் அங்கேதான் நிற்பார்.

மேலே இருந்த எனக்கு, அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒன்று தெரிந்தது. கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த சந்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். வால்கூட அசையவில்லை. கண் மேலே.

காகம் வந்தது. கூரையில் இரண்டு அடி நடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்து எடுத்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் காத்திருந்திருக்கிறாள். எழுந்தாள். குப்பைத் தொட்டி மேல் ஒரு பாய்ச்சல், அங்கிருந்து கூரைக்கு இன்னொன்று. சோபாவுக்குத் தூக்கி வைக்கச் சொல்லி அழுகிறவள்! காகம் பறக்கவில்லை. ஒரு அடி தள்ளி நின்றது, அவ்வளவுதான். அவள் பருப்பும் நெய்யும் இருந்த பக்கமாக உட்கார்ந்து ஒழுங்காக நக்கித் தின்றாள். வடையைத் தொடவில்லை. வடை காகத்துடையது. இரண்டுக்கும் வெகுநாள் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. முடித்து, வாயைத் துடைத்து, தொட்டி வழியாக இறங்கி, பின்கதவில் போய் நின்று ஈனமாக ஒரு சத்தம் போட்டாள்.

"ஐயோ பிள்ளை, பசிக்குதோ? வா வா, மருந்து தாறன்" என்று கீழே அண்ணன் குரல்.

எனக்குக் காய்ச்சல் மறந்துபோனது. திருட்டைப் பிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதைவிட அவள் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. அவர் எப்போது திரும்புவார், எதற்காக நிற்கிறார், காகம் வாய் வைத்தால்தான் கதவு சாத்தப்படும் என்று அவள் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள். காகத்தை விரட்டினால் அவர் அங்கேயே நிற்பார். அதனால் காகம் முதலில். எங்கள் ஆபீஸில் பெரிய சம்பளக்காரர்கள் போடுகிற திட்டம் எதையும் இவ்வளவு பொறுமையோடு நான் பார்த்ததில்லை.

போனில் கடைசிப் பாதியைப் படம் பிடித்திருந்தேன். இறங்கிப் போய்ச் சொன்னேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"விசர்க் கதை கதையாதை தம்பி. அவளால ஏறேலாது. சோபாவில ஏத்தி விடுறது நான்."

படத்தைக் காட்டினேன். கையைத் துடைக்காமலே குனிந்து பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது சிரிப்பு. "பாத்தியே! காகம் வாய் வைக்கும் மட்டும் பொறுத்திருக்கிறாள்! மனிசர்கூட இப்பிடிப் பொறுக்க மாட்டினம். என்ன ஒழுக்கம் பார்!"

பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப நெய்… தயிர்… பருப்பு. எல்லாம் நான்தான் வைச்சிருக்கிறன்."

காலடியில் அவள் மான் இறைச்சியை மரியாதைக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு வயிற்றை நக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னிலேருந்து சரி பண்ணிட்டாப் போதும். உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லணுமா? சொன்னா உடனே கிங்ஸ்பரிக்குக் கொண்டுபோயிடப் போறாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லோணும். டொக்டர் என்ன சொன்னவ? இடையில ஏதும் போனால் முதல்ல இருந்து. அது தெரியாமல் இந்த மருந்தும் சரிவரேல்லையெண்டு நினைச்சு வேற ஊசி போட்டால்? பிள்ளையின்ர உடம்பு." கையைக் கழுவினார். சோறு அப்படியே இருந்தது. மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார்.



"அம்மா வைக்கிற சோறா அப்பா?"

"ஓம்."

"நெய் விட்டோ?"

"நெய் விடாமல் வைச்சால் அம்மா ஏசுவா."

அவள் சிரித்துவிட்டாள். "அம்மா இருந்திருந்தால் உங்களையும் ஏசியிருப்பா, பூனையையும் ஏசியிருப்பா." பிறகு குரல் மாறியது. "சரி. நான் டொக்டரிட்டச் சொல்றன். இண்டையில இருந்து திருப்பித் தொடங்குங்கோ. ஆனா அப்பா, இதுதான் கடைசி. இனி வேற சான்ஸ் இல்லை. அவளைப் பாக்க எனக்கு ஏலாமல் இருக்கு."

"ஓம் மகள்."

"காகத்துக்கு வைக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டலாமே?"

அண்ணன் ஜன்னல் வழியாகக் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். போனை வைத்த பிறகு நான் விளையாட்டாக, "காக்காவுக்கும் மான் டின்னையே வச்சிடலாமாண்ணே?" என்றேன்.

"சனீஸ்வரனுக்கு இறைச்சியோ? விரதத்தில? உனக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிட்டுது. போய்ப் படு."

அவர் எதையும் நிறுத்தவில்லை. இரண்டையும் செய்தார். அந்த வாரங்களைத்தான் நான் சொல்ல வந்தேன். சனிக்கிழமை காலை பிள்ளை என் அறையில். நான் நூலகத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டேன். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு காகத்தைப் பார்த்து, பல் நடுங்குவது மாதிரி ஒரு விநோத சத்தம் போடுவாள். கீழே அண்ணன் இலையை வைப்பார். முன்பெல்லாம் ஒரு கொத்தோடு அவர் வேலை முடிந்துவிடும். இப்போது கடைசிப் பருக்கை வரைக்கும் நிற்க வேண்டும். லண்டன் காகம் அவ்வளவு அவசரப்படாது. கொஞ்சம் தின்னும், வேலியில் போய் உட்கார்ந்து ஊரைப் பார்க்கும், மறுபடி வரும். நடுவில் அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதியில் போட்டுவிடும். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலில் நின்று புல்லுக்குள் வடைத் துணுக்கைத் தேடுவார். மழையென்றால் குடை. கடையிலிருந்து போன் வரும்: எங்கே அண்ணை, ஆள் நிறைஞ்சுபோச்சு. "காகம் இன்னும் முடிக்கேல்லை. வாறன்" என்பார். அந்தப் பக்கம் என்ன நினைத்தார்களோ.

எல்லாம் முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டுபோய்க் கொட்டகைக் கூரையைக் கழுவுவார், கடையில் மேசையைத் துடைக்கிற அதே சுத்தத்தோடு. அதற்குப் பிறகுதான் அவருடைய சோறு. ஆறிப்போயிருக்கும். சூடு பண்ணித் தரவா என்றால், "பிள்ளையைத் திறந்து விடு முதல்ல. பாவம், அடைச்சு வைச்சிருக்கிறம்" என்பார்.

நெய்யை மட்டுமாவது விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கடுகடுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "அவ நெய் விட்டுத்தான் வைச்சவ" என்றார். நான் பிறகு கேட்கவில்லை.

மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. முதலில் வாந்தி நின்றது. காதோரம் ஆறியது. வயிற்றில் சிவப்பு மங்கி, பீச் பழத்தின் மேல் இருக்கிற மாதிரி ஒரு பூனை முடி கிளம்பியது. நான் பார்த்ததும் கத்திவிட்டேன். அண்ணன் நம்பவில்லை. கண்ணாடியை இறக்கி, டார்ச் அடித்து, விரல் முதுகால் தடவிப் பார்த்தார். "சொல்லாதை ஒருத்தருக்கும். கண்ணூறு படும்" என்றார். மகளிடமும் சொல்லவில்லை. அவளே வந்து பார்க்கட்டும் என்றார்.

எட்டு வாரக் கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் பூனையை அடைத்துக் கொண்டுபோகிற கூண்டு. அண்ணன் அதைப் பார்த்தார். வாசலில் காருக்குள் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கும் என்பதால் உள்ளே வர முடியாது. அண்ணன் ஒரு தட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வைத்துக் கொண்டுபோய்க் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஆச்சரியம். "என்ன பாக்கிறாய்? அவனுக்கு ரோல்ஸ் ஒத்துவரும்" என்றார்.

மகள் கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்து விட்டாள். பழைய துவாலை ஒன்று உள்ளே விரித்திருந்தது. பிறகு பூனையைத் தூக்கி மடியில் மல்லாத்தினாள். அண்ணன் சமையலறை வாசலில் நின்றார், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முருகனைப் பார்த்தேன்.

மகள் வயிற்று முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். காதை மடித்தாள். கழுத்தைத் தடவினாள். பிள்ளை அத்தனைக்கும் கால்களை விரித்துக்கொண்டு கிடந்தாள், பரிசோதனை தன் பெருமையைப் பற்றியது என்பது போல.

"முளைச்சிட்டுது" என்றாள் மகள்.

"ஓம்."

"முழுக்க முளைச்சிட்டுது அப்பா."

"ஓம் மகள். சொன்னால் கண்ணூறு எண்டு சொல்லேல்லை."

நெய்யா, தயிரா, பருப்பா, எது ஆகவில்லை என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். மீனையும் அப்படி ஒருநாள் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அண்ணனுக்கு மனசு வரவில்லை. "சுகமாய் இருக்கிற பிள்ளையை ஏன் சொறிய வைப்பான்?" என்று மருந்தையே தொடர்கிறார்.

மகள் பூனையை இறக்கி விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். ஏதோ தேடினாள், தட்டினாள். "அப்பா, உங்கட ஈமெயில் என்ன?"

"ஏன், எனக்கு என்னத்துக்கு ஈமெயில்?"

"இவளின்ர சிப்பை உங்கட பேருக்கு மாத்துறன். தொலைஞ்சால் இனி உங்களுக்குத்தான் போன் அடிப்பினம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசையில் உட்கார்ந்து, அங்கேயே அவருக்கு ஒரு ஈமெயில் உண்டாக்கினேன். பெயர், பிறந்த தேதி, எல்லாம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மகள் தன் போனில் அதைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் ஒரு சத்தம் போட்டது. "என்ன போட்டிருக்கிறான்?" என்றார். வாசித்தேன். இந்தப் பூனையின் உரிமையாளர் என்று இருந்த இடத்தில் அவர் பெயர். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

வெளியே மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கூண்டை எடுக்கக் குனிந்தாள். பிள்ளை அதற்குள் போய்த் துவாலைமேல் சுருண்டு தூங்கியிருந்தாள்.

"கிடக்கட்டும் மகள்" என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். "இப்பதான் படுத்தவள்."

மகள் கூண்டின் கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு காருக்குப் போனாள்.